நைரோபியிலிருந்து மசாய் மாரா முகாமுக்குக் காரில் போகலாமா?

கேள்வி: "குடும்பத்தோடு கென்யா போகிறோம். நைரோபியில் கார் வாடகைக்கு எடுத்து, மசாய் மாராவில் பதிவு செய்திருக்கும் கூடார முகாமுக்கு நாங்களே ஓட்டிக்கொண்டு போகலாமா? அல்லது விமானத்தில் போவது நல்லதா?"

காரிலேயே போகலாம். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சாலை எப்படி என்று எல்லோரும் விசாரிக்கிறார்கள். மாரா வனவிலங்குக் காப்பகத்தின் வாயிலிலிருந்து முகாம் வரை பாதை எப்படி என்று ஒருவரும் விசாரிப்பதில்லை. நானும் விசாரிக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதில் கொஞ்சம் நீளம்.

வேலை நிமித்தம் மூன்று ஆண்டுகள் நைரோபியில் இருந்தேன். மாராவுக்கு நான்கு முறை போனேன். மூன்று முறை காரில், ஒரு முறை வில்சன் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் சிறு விமானத்தில். விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். ஆளுக்கு 15 கிலோ சாமான், அதுவும் துணிப்பையில் இருக்க வேண்டும். பெட்டி என்றால் முகத்தைச் சுளிப்பார்கள். முதுகுவலிக்காரர்களோ வயதானவர்களோ கூட வந்தால் விமானமே சரி. மற்றவர்களுக்கு நான் சாலையைத்தான் சொல்வேன். மேலே பறந்துவிட்டால் பள்ளத்தாக்கில் இறங்கும் அந்த அரை மணி நேரம் கிடைக்காமல் போய்விடும்.

நைரோபியிலிருந்து நரோக் நகரம் ஏறத்தாழ 140 கிலோமீட்டர். அங்கிருந்து காப்பகத்தின் செகெனானி வாயில் இன்னும் 85 கிலோமீட்டர் சொச்சம். தூரத்தைப் பார்த்து மூன்று மணி நேரம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள், ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுவது இடப்பக்கம்தான், பழக்கம் உதவும். லிமுரு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இடப்பக்கம் பூமி சட்டென்று காணாமல் போகும். கீழே பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும், தூரத்தில் 2,776 மீட்டர் உயர லோங்கோனோட் எரிமலை. ஓரத்தில் நிறுத்திப் பார்க்க மரத் தட்டிகள் கட்டி, ஆட்டுத்தோலும் போர்வையும் விற்பார்கள். முதலில் சொல்லும் விலையைக் கேட்டுச் சிரித்தாலே பாதியாகிவிடும்.

கீழே மாய் மஹியு ஊருக்கு இறங்கும் அந்தச் சரிவுச் சாலை, இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியப் போர்க்கைதிகளைக் கொண்டு போடப்பட்டது. அவர்கள் 1942-இல் கட்டிய சின்னஞ்சிறு தேவாலயம் இன்னும் சாலையோரம் நிற்கிறது. உகாண்டா போய்வரும் லாரிகள் இந்தச் சரிவில்தான் முக்கி முனகி ஏறி இறங்கும். முந்தும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். இந்த மாய் மஹியுப் பகுதியில்தான் 2024 ஏப்ரல் கடைசியில் நள்ளிரவு வெள்ளம் வந்து 40-க்கும் மேற்பட்டவர்களை அடித்துக்கொண்டு போனது. மார்ச் முதல் மே வரை நெடுமழைக் காலம். அந்த மாதங்களில் காரில் கிளம்புகிறவர்கள் செய்தி பார்க்காமல் கிளம்பக் கூடாது.

நரோக்கில் டாங்கியை நிரப்புங்கள், டயரில் காற்று பாருங்கள், மாற்றுச் சக்கரம் உண்மையிலேயே உருளக்கூடிய நிலையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வர்ணம் பூசாத வேகத்தடைகள் ஊருக்கு ஊர் உண்டு. போலீஸார் நிறுத்தினால் பன்னாட்டு ஓட்டுநர் உரிமமும் எச்சரிக்கை முக்கோணமும் கையில் இருக்க வேண்டும். நரோக் தாண்டி எவாசோ ஞிரோவில் இடப்பக்கம் பிரியும் பாதைதான் ஒரு காலத்தில் எல்லோருடைய முதுகெலும்பையும் பதம் பார்த்தது. இப்போது ஏறக்குறைய வாயில் வரைக்கும் தார். மாட்டு மந்தைகளின் நடுவே இரண்டு மூன்று வரிக்குதிரைகளும் தங்களை மாடாகவே நினைத்து மேய்ந்துகொண்டிருக்கும். என் மகன் அதைப் பார்த்தபோது நாங்கள் இன்னும் ஒரு ரூபாய் நுழைவுக்கட்டணம்கூடக் கட்டியிருக்கவில்லை.

இனி, விசாரிக்காமல் போனவனின் கதை.

நவம்பர் மாதம், குறுமழைக் காலம். சொந்தக் கார், சின்னக் கார். செகெனானியில் மாலை நான்கு மணி. முகாம் 12 கிலோமீட்டர் என்றது பலகை. இருபது நிமிடம் என்று மனைவியிடம் சொன்னேன். தார் முடிந்ததும் கறுப்பு மண். அச்சு அசல் கரிசல். கரிசல்காட்டில் பிறந்து வளர்ந்தவன் நான்; காய்ந்தால் பாறை, நனைந்தால் பசை என்பதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இருந்தும் மேப்பை நம்பி இறக்கினேன். ஐந்தாவது கிலோமீட்டரில் வண்டி தானாகவே பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தது, பிறகு நின்றது. இறங்கிப் பார்த்தால் சக்கரத்துக்கும் அதன் மேல் தகட்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லை, அவ்வளவும் சேறு. ஒவ்வோர் அடிக்கும் செருப்பு அரைக் கிலோ கனத்தது. நான்காவது அடியில் வார் அறுந்தது. அந்தச் செருப்பு இன்னும் அங்கேதான் இருக்கும்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு மசாய் இளைஞர்கள் வந்து, வண்டியைப் பார்த்து, என்னைப் பார்த்து, "போலே" என்றார்கள். மெதுவாகப் போ என்கிறார்களாக்கும் என்று, மெதுவாகத்தான் வந்தேன் என அரைகுறை சுவாஹிலியில் வாதாடினேன். சிரித்தார்கள். ஒரு முறை "போலே" என்றால் அடடா, பாவம் என்று பொருள். "போலே போலே" என்று இரட்டித்தால்தான் மெதுவாக. இதை அன்றிரவு முகாமின் ஓட்டுநர் விளக்கினார். இளைஞர்கள் ஆட்டுக்கோலால் சக்கரத்துச் சேற்றைத் தோண்டி எடுத்தார்கள், புதர்க் கிளைகளை ஒடித்து டயருக்கு அடியில் திணித்தார்கள், தள்ளினார்கள். இருநூறடி நகரும், மறுபடி புதையும். கடைசியில் முகாமிலிருந்து லேண்ட் க்ரூஸர் கயிற்றோடு வந்தது. பணம் கொடுக்கலாம் என்று சட்டைப்பையைத் துழாவினேன். ஒருவர் போர்வைக்குள்ளிருந்து செல்போனை எடுத்து, போனிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா எண்ணைச் சொன்னார்.

அந்த 12 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் அந்தி என்று ஒன்று கிடையாது. ஆறரைக்குச் சூரியன் விழுந்தால் சற்றைக்கெல்லாம் கும்மிருட்டு. "இந்த வழியை யாரிடமாவது கேட்டீர்களா?" என்று மட்டும் மனைவி கேட்டாள். மேப்பில் பார்த்தேன் என்றேன். அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசை வரை பேச்சு இல்லை.

ஆகவே பதிவு செய்த கையோடு முகாமுக்கு எழுதிக் கேளுங்கள்: எந்த வாயில் வழியாக வர வேண்டும், அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் ஓடை எதையாவது கடக்க வேண்டுமா. கிளம்பும் முந்தின நாள் தொலைபேசியில் மழை பெய்ததா என்றும் கேளுங்கள். நான்கு சக்கர இயக்கம் இல்லாத வண்டி என்றால், வாயிலுக்கு ஆள் அனுப்பி அழைத்துப் போவார்களா என்று பேசி வைத்துக்கொள்ளலாம். என் இரண்டாவது பயணம் அப்படித்தான். மூன்றாவது முறை ஓட்டுநரோடு லேண்ட் க்ரூஸர் எடுத்தேன். காசு கூடுதல்தான், ஆனால் முதல் தடவை போகிறவர்களுக்கு இதையே சொல்வேன். முக்கால் பர்லாங் தள்ளி மரக்கிளையில் தொங்கும் சிறுத்தையின் வாலை அந்த ஓட்டுநரின் கண் பார்த்தது. என் கண்ணுக்கு அது விழுது.

நைரோபியை விடியற்காலை ஆறு மணிக்குள் விட்டுவிடுங்கள். நண்பகலில் வாயிலில் இருந்தால் பாதையில் என்ன நடந்தாலும் வெளிச்சம் மிச்சம் இருக்கும்.

காப்பக நுழைவுக்கட்டணம் வலிக்கும். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். நாள் என்றால் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. முகாம் காப்பகத்துக்கு வெளியே இருந்தால் உள்ளே நுழையும் நாளுக்கு மட்டும் கட்டினால் போதும். வந்து சேரும் நாளில் களைத்துப் போயிருப்பீர்கள், அன்றைக்குக் கட்டி வீணாக்காதீர்கள். வாயிலில் நிற்கும்போது கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். மணிமாலை விற்கும் பெண்கள் ஜன்னல் வழியாகக் கழுத்திலேயே போட்டுவிடுவார்கள், பிறகு கழற்றுவது கஷ்டம். பிளாஸ்டிக் பைகளுக்கு 2017 முதல் நாடு முழுக்கத் தடை. காப்பகத்துக்குள் பாதையை விட்டுப் புல்லில் வண்டியை இறக்கக் கூடாது, சிங்கமே கூப்பிட்டாலும்.

இந்தியாவுக்குத் திரும்புகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழை மறக்க வேண்டாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் ஊருக்கு வந்த பிறகு ஆறு நாள் வரை தனிமையில் உட்கார வைப்பார்கள்.

வாடகைக் கார் என்றால், மாராவுக்குள் ஓட்ட ஒப்பந்தத்தில் அனுமதி உண்டா, வண்டியின் அடிப்பகுதிச் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்று கையெழுத்துக்கு முன் படித்துப் பாருங்கள். என் வண்டியின் அடியில் ஒட்டிய சேறு நைரோபி வருவதற்குள் சிமெண்டாகிவிட்டது. கழுவும் கடையில் தண்ணீர் பீய்ச்சியும் அசையவில்லை. அங்கிருந்த பையன் திருப்புளியைக் கொண்டுவந்து நெம்பி ஒரு கட்டியைப் பெயர்த்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, "மாரா?" என்றான்.