மண்டையோட்டை வேகவைக்காதீங்க: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஆட்டு மண்டையோடு ஒண்ணு சுத்தம் பண்ணி வச்ச படம் போட்டு ரெண்டு வரி எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு எதிர்பாக்கல. வேட்டைக்குப் போறவங்க, தாத்தா காலத்துப் பொருள வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம இருக்கறவங்க, சும்மா ஆர்வத்துல கேக்குறவங்கன்னு எல்லாரும் எழுதியிருக்கீங்க. முடிஞ்ச வரைக்கும் இங்க பதில் சொல்லிடறேன்.

கேள்வி (உட்லண்ட்ஸ் வாசகர்): என் மச்சான் ஆஸ்திரேலியாவுல இருக்காரு, அங்க துப்பாக்கி லைசென்ஸ் வச்சு காட்டுல திரியற ஆடு வேட்டைக்குப் போவாரு. கொம்போட ஒரு கெடா மண்டைய எனக்குத் தரேன்னு சொல்றாரு. பெரிய சட்டியில போட்டு நல்லா வேகவச்சா சதையெல்லாம் தானா கழண்டுரும்னு கூட்டாளி சொல்றான், சரியா?

பதில்: சரியில்ல, மச்சான்கிட்டயும் சொல்லிருங்க. கொதிக்கிற தண்ணியில கொழுப்பு உருகி வெளிய போயிரும்னு நாம நெனைக்கிறோம், ஆனா அதுல ஒரு பங்கு எலும்புக்குள்ளயே இறங்கி உக்காந்துக்கும், அன்னைக்குப் பாத்தா வெள்ளையா அழகா இருக்கும், கொஞ்ச மாசம் கழிச்சு மஞ்சள் மஞ்சளா திட்டு விழும், தொட்டா பிசுபிசுங்கும். அது மட்டும் இல்ல, மூக்குத் துவாரத்துக்குள்ள டார்ச் அடிச்சுப் பாத்தீங்கன்னா காகிதம் மாதிரி மெல்லிசா சுருள் சுருளா எலும்பு இருக்கும், மண்டையோட்டுலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் அதுதான், கொதிக்க வச்சா மொதல்ல உதிர்ந்து போறதும் அதுதான். பல்லு வெடிக்கும், மண்டை எலும்பு ஒண்ணோட ஒண்ணு சேர்ற தையல் கோடு விட்டுப்போகும், குட்டி ஆடா இருந்தா கேக்கவே வேண்டாம்.

நல்ல வழி தண்ணியில ஊறப்போடுறது. தோல உரிச்சு, கண்ணு, நாக்கு எடுத்து, பெரிய சதைய மட்டும் கத்தியால அரிஞ்சுட்டு, பின்பக்கம் கழுத்தெலும்பு சேர்ற ஓட்டை வழியா வளைச்ச கம்பியவிட்டு மூளையக் கலக்கி ஹோஸ் தண்ணி பீச்சி வெளிய எடுத்துருங்க. அப்புறம் மூடி உள்ள வாளியில முழுசா முங்குற மாதிரி தண்ணி ஊத்தி அப்படியே விட்டுட வேண்டியதுதான், மிச்ச வேலைய பாக்டீரியா பாத்துக்கும். சில நாளைக்கு ஒரு தடவ பாதித் தண்ணிய மட்டும் மாத்துங்க, மொத்தத்தையும் கொட்டிட்டா வேலை செய்ற பாக்டீரியாவும் சேர்ந்து போயிரும். இந்தக் கட்டத்துல சோப்பு, கிளோரின் எதுவும் சேர்க்கக் கூடாது. முப்பது டிகிரி பக்கம் சூடு இருந்தா ஆட்டு மண்டைக்கு ரெண்டுலேர்ந்து நாலு வாரம் ஆகும், குளிர் ஊருல இருக்கறவங்க மீன் தொட்டி ஹீட்டர் வாங்கி வாளியில போடுவாங்க, சிங்கப்பூர்ல அதுக்கு அவசியமே இல்ல.

கொம்புதான் கவனமா பாக்க வேண்டியது. ஆட்டுக் கொம்பு ரெண்டு அடுக்கு, உள்ள எலும்பு, வெளிய நம்ம நகம் எதனால ஆனதோ அதே கெரட்டின்ல ஒரு உறை. சில நாள் ஊறினதும் அந்த உறையப் பிடிச்சு மெதுவா திருகினா கழண்டு வந்துரும், வரலைன்னா இன்னும் ரெண்டு நாள் விடுங்க, சுத்தியல் எடுக்காதீங்க. உறைய தனியா கழுவி நிழல்ல காய வைங்க, வெளுக்கற மருந்து அதுல படவே கூடாது, நெறம் போயிரும். மான் கொம்புக்கு இந்த வேலை கிடையாது, அது முழுக்க எலும்பு, கழட்ட முடியாது, கொம்பு நனையாம மண்டைய மட்டும் முக்கணும்.

சதை போனதும் கொழுப்பு எடுக்கணும், இதத்தான் பாதிப் பேரு விட்டுடறாங்க. பாத்திரம் கழுவற லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணியில வாரக் கணக்குல ஊற வைக்கணும், தண்ணி மங்கலாச்சுன்னா மாத்தணும், மங்கலாகறது நின்னாத்தான் கொழுப்பு முடிஞ்சுதுன்னு அர்த்தம். கடைசியா பார்மசியில கெடைக்கிற 3% ஹைட்ரஜன் பெராக்சைடுல ஒரு நாள் ரெண்டு நாள் போட்டா போதும். பெராக்சைடு இருக்கற டப்பாவ இறுக்கி மூடாதீங்க, உள்ள ஆக்சிஜன் வாயு சேந்து டப்பா வெடிச்சிரும்.

இன்னொண்ணு, அந்த ஆடுங்க ஆஸ்திரேலியாவோட சொந்த மிருகம் கிடையாது. 1788-ல மொதக் கப்பல்கள்ல வந்த குடியேறிகள் கொண்டு வந்த இனம், பின்னாடி தப்பிச்சும் அவுத்துவிட்டும் காடு மேடெல்லாம் பெருகி இப்ப அங்க பெரிய தொல்லையா இருக்கு, அதனால அங்க சுடறதுல பிரச்சினை கம்மி. ஆனா இங்க கொண்டு வர்றது வேற விஷயம். எவ்வளவு சுத்தமா இருந்தாலும் மண்டையோடு விலங்குப் பொருள்தான், மச்சான் பெட்டியில போடுறதுக்கு முன்னாடியே நீங்க என்பார்க்ஸுக்கு (தேசியப் பூங்காக் கழகம்) எழுதி என்ன அனுமதி வேணும்னு கேட்டு வாங்கிருங்க, சாங்கி வந்து எறங்கின பிறகு கேக்குற விஷயம் இல்ல இது.

கேள்வி (செங்காங் வாசகி): என் மகன் பாலிடெக்னிக் படிக்கிறான், உங்க படத்தப் பாத்துட்டு ஆட்டு மண்டை ஒண்ணு பண்ணணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். எங்களது எச்டிபி அடுக்குமாடியில நாலறை வீடு. நாத்தம் வராதா, அக்கம்பக்கத்துல சண்டைக்கு வரமாட்டாங்களா?

பதில்: அக்கா, நாத்தம் வரும், அத மறைக்க மாட்டேன். இறுக்கமா மூடுற வாளியா வாங்குங்க, தண்ணி மாத்துறது மட்டும் டாய்லெட்ல, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுட்டு, உடனே ரெண்டு தடவ ஃபிளஷ் பண்ணிட்டா பெருசா தெரியாது. காரிடார்ல வைக்கவே வைக்காதீங்க. நாத்தத்த விட பெரிய விஷயம் கொசு. தேங்கின தண்ணியில ஏடிஸ் முட்டை போட்டுச்சுன்னா என்இஏ (தேசியச் சுற்றுப்புற வாரியம்) ஆளுங்க வந்து பாக்கறப்போ மொதத் தடவையே 200 வெள்ளி அபராதம், அதுக்கு மேல டெங்கி பயம் வேற, அதனால மூடி எப்பவும் மூடியே இருக்கணும், விரிசல் இருந்தா மெல்லிசு வலை கட்டுங்க.

தேக்காவுல ஆட்டுக்கறி கடையில தலை வேணும்னு முன்கூட்டியே சொல்லி வைங்க, முக்கியமா வெட்டாம முழுசா வேணும்னு சொல்லணும், இல்லன்னா வழக்கம்போல மூளைக்காக ரெண்டா பொளந்து குடுத்துருவாங்க. கடைசியில வாளித் தண்ணிய சல்லடை வச்சு வடிகட்டச் சொல்லுங்க, முன்பல்லு எல்லாம் கழண்டு அடியில கெடக்கும். கீழ்த்தாடை ரெண்டு துண்டா பிரிஞ்சு வந்தா பயப்பட வேண்டாம், ஆட்டுக்கு அது நடுவுல ஒட்டாமத்தான் இருக்கும், பசை போட்டு சேத்துக்கலாம். மேல்தாடையில முன்பல்லே இல்லையேன்னு தேட வேண்டாம், ஆட்டுக்கு மேல முன்பல்லு கிடையாது, கெட்டியான ஈறு மட்டும்தான், அதுலயும் கீழ்ப்பல்லுலயும் கவ்வித்தான் எலையப் பிடுங்கும். மொத்தம் 32 பல்லு. கையுறை, மாஸ்க் ரெண்டும் கட்டாயம், வாளியத் தொட்ட கையோட சமையல் பக்கம் போகக் கூடாது. படிக்கிற பிள்ளைக்கு இத விட நல்ல பாடம் கெடைக்காது, செய்ய விடுங்க.

கேள்வி (தெம்பனிஸ் வாசகர்): வெள்ளையாகட்டும்னு குளோராக்ஸ் ப்ளீச்சுல ரெண்டு நாள் போட்டேன். பளிச்சுன்னு ஆச்சு. இப்ப தொட்டா கையில மாவா ஒட்டுது. காப்பாத்த முடியுமா?

பதில்: எலும்புல பெரும்பங்கு கனிமம், ஏறக்குறைய கால் பங்கு கொலாஜன்ங்கற புரதம், அந்தக் கொலாஜன்தான் மொத்தத்தையும் கட்டிப் பிடிச்சு வச்சிருக்கு. ப்ளீச் அதத்தான் தின்னுது. அழுக்கு போறதோட எலும்போட பிடிமானமும் போகுது, வாளிய விட்டு எடுத்த பிறகும் உள்ள மிச்சம் இருக்கறது வேலையத் தொடர்ந்து பாத்துக்கிட்டே இருக்கும். மொதல்ல நல்ல தண்ணியில பல நாள், தண்ணிய மாத்தி மாத்தி ஊற வச்சு ப்ளீச்ச முழுசா எடுங்க, பிரஷ் போட்டுத் தேய்க்காதீங்க. அப்புறம் காத்தாட நிழல்ல நல்லா காய விட்டு, மெருகேத்துற வார்னிஷ் எதுவும் பூசாம, பாராலாய்ட் பி-72ன்னு அருங்காட்சியகத்துல எலும்பு கெட்டிப்படுத்த உபயோகப்படுத்துற ஒரு பிசின் இருக்கு, அத அசிட்டோன்ல தண்ணி பதத்துக்குக் கரைச்சு மெல்லிசா ரெண்டு மூணு தடவ தடவுங்க, உள்ள இழுத்துக்கும். ஜன்னல் எல்லாம் தெறந்து வச்சு, அடுப்பு பக்கத்துல இல்லாம பண்ணுங்க, அசிட்டோன் சட்டுன்னு தீப்பிடிக்கும். போன எலும்பு திரும்ப வராது, இருக்கறது நிக்கும்.

கேள்வி (புக்கிட் பாத்தோக் வாசகர்): எங்க தாத்தா ஜோகூர்ல குளுவாங் பக்கம் ரப்பர் எஸ்டேட்டுல இருந்தவரு. அவரு சுட்ட காட்டுப்பன்னியோட கீழ்த்தாடை, ரெண்டு கோரைப்பல்லோட எங்க வீட்டுல ரொம்ப வருஷமா இருக்கு. மழைக்காலத்துல எண்ணெய் கசியுது, ஒரு பல்லு நீளவாக்குல வெடிச்சிருக்கு. அத ஊற வைக்கலாமா? கோத்தா திங்கியில ஒரு கூட்டாளி புதுசா ஒண்ணு தரேன்னும் சொல்றான்.

பதில்: புதுசு வேண்டாம்னு மொதல்ல சொல்லிடறேன். ஆப்பிரிக்கப் பன்னிக்காய்ச்சல் மலேசியாவுல 2021-லயே உறுதியாச்சு, 2023 பிப்ரவரியில நம்ம ஊரு காட்டுப்பன்னி ஒண்ணோட சடலத்துலயும் கண்டுபிடிச்சாங்க. மனுஷனுக்கு வராது, பன்னிக்கு வந்தா கொத்துக் கொத்தா சாகும், அந்தக் கிருமி சதையில, மஜ்ஜையில மாசக் கணக்குல உயிரோட இருக்கும். மலேசியா எல்லை காஸ்வேல யாருக்கும் தெரியாம பையில போட்டுட்டு வர்ற பொருளே இல்ல அது.

தாத்தாவோடது வேற கதை, அத நல்லபடியா காப்பாத்தணும். பன்னி எலும்புல கொழுப்பு ஜாஸ்தி, அந்தக் காலத்துல யாரும் சோப்புத் தண்ணியில மாசக் கணக்குல ஊறப் போடல, அதனாலதான் இன்னும் கசியுது. லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துல ஸ்பெர்ம் திமிங்கிலத்தோட முழு எலும்புக்கூடு தொங்குதுல்ல, 2015 ஜூலையில ஜூரோங் தீவு பக்கம் ஒதுங்கின 10.6 மீட்டர் பொட்டைத் திமிங்கிலம், அந்த மாதிரி திமிங்கில எலும்பெல்லாம் வருஷக் கணக்குல எண்ணெய் விடும், அருங்காட்சியகக்காரங்களுக்கே தலைவலி புடிச்ச வேலை அது. உங்க தாடை அந்த அளவுக்குப் போகாது.

முழுசா முக்காதீங்க. ரொம்ப நாள் காஞ்ச கோரைப்பல்லு திடீர்னு தண்ணிய இழுத்து மறுபடியும் காயறப்போ வெடிப்பு இன்னும் பெருசாகும். பல்லு ஆடுதான்னு பாருங்க, ஆடினா மெதுவா உருவி தனியா வச்சுருங்க, காட்டுப்பன்னி கோரைப்பல்லு வெளிய தெரியறது கொஞ்சம்தான், பெரும்பங்கு தாடைக்குள்ள வளைஞ்சு கெடக்கும், அதனால வளைவு போற போக்குலயே இழுக்கணும், நேரா இழுத்தா ஒடிஞ்சிரும். வரலைன்னா விட்டுருங்க, கட்டாயப்படுத்தாதீங்க, அந்தப் பக்கம் தண்ணி படாம தாடையோட பின்பகுதிய மட்டும் லிக்விட் கலந்த வெதுவெதுப்பான தண்ணியில வைங்க. உருவின பல்லு உள்ள கூடா இருக்கும், பழைய அழுக்க பஞ்சால தொடச்சுட்டு உருக்கின மெழுகு கை பொறுக்கற சூட்டுல ஊத்தி நெரப்புங்க, அதுக்கப்புறம் வெடிப்பு ஓடறது ரொம்பக் குறையும். வெளிய வெளுக்க வேண்டாம், அந்தப் பழுப்பு நெறம் இத்தனை வருஷத்துல வந்தது, அது இருக்கட்டும்.

வைக்கிற இடமும் முக்கியம், ஏர்கான் காத்து நேரா அடிக்கிற எடத்துல வச்சா பல்லு வெடிக்கும், சும்மா செல்ஃப்ல வச்சா நம்ம ஊரு ஈரத்துக்கு பூசணம் பிடிக்கும். கேமரா வைக்கிற ட்ரை பாக்ஸ் இருக்குல்ல, அதுல 50% ஈரப்பதத்துல வைங்க. அப்புறம் ஒரு சின்ன அட்டையில தாத்தா பேரு, எஸ்டேட் பேரு, எந்த வருஷம், யாரு சொல்லித் தெரியும்னு எழுதி நூலால கட்டிருங்க. வீட்டுல வயசானவங்க இருக்கும்போதே கேட்டு எழுதுங்க, அந்த விவரம் இல்லாட்டி நாளைக்கு அது யாரோ ஒருத்தர் வீட்டுப் பழைய எலும்பு, அவ்வளவுதான்.

கேள்வி (ஈசூன் வாசகி): மண்டாய் பக்கம் நடக்கப் போனப்போ கொரங்கு மண்டையோடு ஒண்ணு கெடந்துச்சு, எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீங்க. இங்க காட்டு விலங்குங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு, பூங்காவுலயும் இயற்கை வனத்துலயும் எதையும் எடுத்துட்டுப் போகவும் கூடாது, செத்ததா இருந்தாலும்தான். படம் எடுத்து இடத்தக் குறிச்சு என்பார்க்ஸுக்கு அனுப்புங்க.

கேள்வி (தோ பாயோ வாசகர்): பழைய பொருள் விக்கிற ஒருத்தர்கிட்ட பாடம் பண்ண புலித்தலை ஒண்ணு இருக்கு, நூறு வருஷப் பழசு, அதனால சட்டப்படி பிரச்சினை இல்லன்னு சொல்றாரு. வாங்கலாமா?

பதில்: வாங்காதீங்க. புலி, அழியற நெலையில இருக்கற உயிரினங்கள நாடு விட்டு நாடு விக்கறதக் கட்டுப்படுத்துற சைட்டீஸ் ஒப்பந்தத்துல மொதப் பட்டியல்ல இருக்கற மிருகம், பழசுன்னு வாயால சொல்றது ஆதாரம் ஆகாது. நம்ம தீவுலயே புலி இருந்துச்சு, கடைசியா சுட்டது 1930-ல சுவா சூ காங் பக்கம்னு சொல்வாங்க, இன்னைக்கு மலேசியக் காட்டுல மிஞ்சி இருக்கறது 150-க்கும் கம்மி. நான் வேட்டைக்காரங்களுக்கு எதிரி கிடையாது, சட்டப்படி சுட்டு, கறியத் தின்னு, மண்டைய மரியாதையா சுத்தம் பண்ணி வைக்கிறவங்க வேலைய நான் ரசிச்சுப் பாப்பேன், ஆனா புலித்தலைக்கு ஒருத்தர் காசு குடுத்தா அடுத்த தலைக்கு வெல வந்துருது. இன்னொரு விஷயம், அந்தக் காலத்துல பாடம் பண்றப்போ தோலுக்குப் பூச்சி வராம இருக்க ஆர்சனிக் தடவுவாங்க, அது இன்னும் அதுலயே இருக்கும், வெறுங்கையால தடவிப் பாத்திருந்தீங்கன்னா கைய நல்லா சோப்பு போட்டுக் கழுவுங்க, பிள்ளைங்கள கிட்ட விடாதீங்க, அவரு எங்க விக்கிறாருன்னு என்பார்க்ஸ்கிட்ட சொல்லிருங்க.