என்னைப் பார்த்து "வாங்க" என்கிறான்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 17. மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறோம், பிளஸ் டூ படிக்கிறேன். சொந்த ஊர் பாம்பன். அப்பா கடல் தொழிலை விட்டுவிட்டு இங்கே குடோன் வேலைக்கு வந்தபோது ஏழாம் வகுப்பு முடித்திருந்தேன்.

ஊரில் எதிர்வீட்டில் ஒருவன், என்னைவிட ஒரு வயது மூத்தவன். கப்பல் வருகிறது என்றால் இரண்டு பேரும் ரோட்டுப் பாலத்துக்கு ஓடுவோம். பழைய ரயில் பாலம் நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்போம். நாங்கள் மதுரைக்குக் கிளம்பிய அன்று அவன் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவே இல்லை. அழுதான் என்று அப்பத்தா பிறகு சொன்னார்கள். அப்புறம் அவன் தூத்துக்குடியில் டிப்ளமோ சேர்ந்தான். தினமும் போனில் பேசுவோம். இடையில் இரண்டு முறை ஊருக்குப் போனேன், அவன் இல்லை. இந்தத் தை மாதம் அவன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவும் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கே திரும்பி விசைப்படகில் போகிறான்.

மே மாதம் லீவில் ஆசையாகப் போனேன். நான்கு வருடம் கழித்து நேரில் பார்த்தவன் சொன்ன முதல் வார்த்தை "வாங்க". போனில் "ஏ புள்ள" என்று கூப்பிடுகிறவன்! புதுப்பாலம் மேலே தூக்குவதைப் பார்க்கப் போகலாமா என்றேன், "வேலை இருக்கு" என்றான். பத்து நாளில் மூன்று தடவைதான் பேசினான். ஜூன் பாதிக்கு மேல் மெசேஜுக்கு உடனே பதில் வருவதே இல்லை. வந்தாலும் "ம்" தான். நான் என்ன தப்பு செய்தேன்? போன அன்று அப்பத்தா வாசலில் நெத்திலி காயப்போட்டிருந்தார்கள், ஆட்டோவை விட்டு இறங்கியதும் வாடை தாங்காமல் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டேன், அவன் எதிரே உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். பள்ளியில் என் தோழிகளுக்கு என் ஊர் ராமநாதபுரம் என்றுதான் தெரியும், அதனால் அவனைப் பற்றி யாரிடமும் சொல்லி அழவும் முடியவில்லை.

நான் எத்தனை தடவை போன் செய்திருக்கிறேன். அவன் ஒரு தடவையாவது செய்தானா? "வாங்க" என்று எப்படி அவனுக்குச் சொல்ல வந்தது? வேறு யாராவது இருக்கிறாளா? மறந்துவிடவா, காத்திருக்கவா?

– பெயர் வேண்டாம், மதுரை

அன்பு மகளுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "வாங்க" என்ற சொல்லை முதலில் எழுதியிருக்கிறாய். மூக்கை மூடியதைக் கடைசியில், "அவ்வளவுதான்" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். நடந்தது இந்த வரிசையில் இல்லையே அம்மா. முதலில் நீ ஆட்டோவை விட்டு இறங்கினாய், மூக்கை மூடினாய், அவன் பார்த்தான். அதற்குப் பிறகுதான் "வாங்க" வந்தது. அந்த வாசலுக்கு வந்த விருந்தாளியை அவன் மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறான்.

உன்னைத் திட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு வாடையிலேயே இருக்கிற மூக்குக்கு அந்த வாடை தெரியாது. நான்கு வருடம் விலகியிருந்தால் எந்த மூக்கும் சுருங்கத்தான் செய்யும், அது உடம்பின் வேலை. கை தானாகப் போய்விட்டது, சரி. ஆனால் ராமநாதபுரம் என்று தோழிகளிடம் சொன்னது கை தானாகச் செய்தது இல்லை. அது நீ யோசித்துச் சொன்னது. உனக்கு ஏன் அழுகை வருகிறது என்பதற்கான காரணம் அவனுடைய "ம்"மை விட இங்கேதான் அதிகம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவன் படிப்பை நிறுத்திவிட்டு வந்தவன் என்பதையும் மறக்காதே. தூத்துக்குடியில் புத்தகத்தோடு இருந்த பையன் பதினெட்டு வயதில் வீட்டுப் பாரத்தைச் சுமந்துகொண்டு திரும்பியிருக்கிறான். அவன் கையிலும் சட்டையிலும் இப்போது அந்த வாடைதான். நீ மூடியது கருவாட்டுக்காக என்று உனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்?

நீ கணக்கு வைத்திருக்கும் மெசேஜ் விஷயத்தில் நான் அவன் பக்கம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. தடை முடிந்த கையோடு படகுகள் இறங்கிவிடும். ராத்திரி முழுக்கக் கடலில் இருப்பவனுக்கு சிக்னல் ஏது? கரைக்கு வந்தால் மீனைத் தரம் பிரிக்க வேண்டும், வலையைச் சரிபார்க்க வேண்டும், தூங்க வேண்டும். கடல் தொழில் செய்த வீட்டில் பிறந்த உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. உன் அப்பாவும் கடலில் இருந்த நாட்களில் உன் அம்மாவுக்கு என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று கேட்டுப் பார்.

தடைக்காலத்தில், மே மாதத்தில், அவன் விலகியதற்கு இது பதில் ஆகாது என்பது எனக்கும் தெரியும். அது வலியில் விலகியது. வேறு யாராவது இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கேள்வி உனக்கு வசதியாக இருக்கிறது என்று மட்டும் சொல்வேன். அவள் ஒருத்தி இருந்துவிட்டால் அந்தத் துப்பட்டாவைப் பற்றி நீ யோசிக்கவே வேண்டாம், இல்லையா?

உன்னை மறுபடி "ஏ புள்ள" என்று கூப்பிட்டு ஊருக்குள் சேர்த்துக்கொள்ளும் பொறுப்பை முழுக்க அவன் தலையில் வைத்திருக்கிறாய். பாம்பன் உன் அப்பத்தாவின் ஊர், உன் அப்பாவின் ஊர். அவன் பேசினாலும் பேசாவிட்டாலும் அது உன் ஊர்தான். இந்த நான்கு வருடத்தில் அதைப் பேர் சொல்ல விடாமல் வைத்திருப்பது நீதான், அவன் இல்லை. மதுரைக்கு வந்த புதிதில் யாரோ ஏதோ சொல்லியிருப்பார்கள், பதின்மூன்று வயதில் அது சுட்டிருக்கும். அதை நீ எழுதவில்லை, ஆனாலும் எனக்குக் கேட்கிறது.

காத்திருக்கவா, மறக்கவா என்பதை இப்போது முடிவு செய்யாதே. உனக்கு முன்னால் பொதுத்தேர்வு இருக்கிறது, அவனுக்கு முன்னால் ஒரு குடும்பம் இருக்கிறது. அவனிடம் ஒரே ஒரு முறை, "அன்னைக்கு மூக்கை மூடினது தப்பு, நீ பார்த்தது எனக்குத் தெரியும்" என்று மட்டும் எழுது. அதோடு கேள்வி எதையும் சேர்க்காதே. அதற்குப் பிறகும் அவன் "வாங்க" என்றே சொன்னால், அது அவன் முடிவு, நீ ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அதற்கு முன்னால் அப்பத்தாவுக்கு போன் செய். அந்த நெத்திலியை வெயிலில் நின்று காயப்போட்டவர் அவர்தானே. உன் கை மூக்குக்குப் போனதை அவரும் பார்த்திருப்பார்.