சிங்கராஜா போக வழிகாட்டி வேண்டுமா?

கேள்வி: ஜனவரியில் இலங்கை போகிறோம். சிங்கராஜா காட்டில் பறவை பார்க்க வழிகாட்டி அவசியமா? நாமே சுற்றினால் போதாதா?
– வாசகி, திருச்சி

பதில்: அவசியம்தான். அங்கே பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடும். வெகுநேரம் இலைகூட அசையாது. அப்புறம் திடீரென்று தவிட்டுக்குருவிகளின் சளசளப்பு கேட்கும். செம்முகப் பூங்குயில், கரிச்சான் என்று மொத்தக் கூட்டமும் தலைக்கு மேலே மளமளவென்று கடந்துவிடும். அந்தச் சத்தத்தை வழிகாட்டியின் பழகிய காதுதான் முதலில் பிடிக்கும். 2001-இல் அங்கே கண்டறிந்த குட்டி ஆந்தையைக்கூடக் குரலை வைத்துத்தான் தேடிப் பிடித்தார்கள்.

ரத்தம் உறிஞ்சும் அட்டைகள் காலில் ஏறாமலிருக்க, முழங்கால்வரை வரும் துணிக் காலுறையைப் பேன்ட்டுக்கு மேலே இழுத்துக் கட்டுங்கள். செல்போனில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு அதை வரவழைக்கிறேன் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து தடுத்துவிடுங்கள். எதிரி வந்துவிட்டதென்று நினைத்து அது இரையையும் கூட்டையும் விட்டுவிட்டு ஓடிவரும்.