யெல்லோஸ்டோன் நிலநடுக்கங்களை வீட்டுக் கணினியிலிருந்து கண்காணிப்பது எப்படி?

கேள்வி: யெல்லோஸ்டோன் சூப்பர் எரிமலையைச் சுற்றி நடக்கும் நிலநடுக்கங்களை யார் வேண்டுமானாலும் நேரடியாகப் பார்க்கலாம் என்கிறார்கள். விஞ்ஞானி அல்லாத ஒருவர் இதை ஒழுங்காகச் செய்ய என்ன வேண்டும்? கருவி வாங்க வேண்டுமா?

பதில்: வாங்க வேண்டாம். வயோமிங், மொன்டானா, ஐடஹோ மூன்று மாநிலங்களும் சந்திக்கும் அந்தப் பூங்காவிலும் சுற்றிலும் 40-க்கும் மேற்பட்ட நிலநடுக்கமானிகள் ஏற்கெனவே இயங்குகின்றன. யூட்டா பல்கலைக்கழகத்தின் நிலநடுக்கப் பதிவு மையம் அவற்றைப் பராமரிக்கிறது. 2001-இல் அமைந்த யெல்லோஸ்டோன் எரிமலை ஆய்வகத்தில் அந்தப் பல்கலைக்கழகமும் அமெரிக்க நிலவியல் அளவாய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ்-ஸும் பூங்கா நிர்வாகமும் இன்னும் சிலரும் சேர்ந்திருக்கிறார்கள். பெரும்பாலான கருவிகளின் தரவு இலவசமாக, ஏறக்குறைய நேரலையாகவே கிடைக்கிறது. உங்கள் பங்குக்கு வேண்டியது ஒரு சாதாரணக் கணினியும் இணையமும், நாள்தோறும் இருபது நிமிடமும்.

அந்த இருபது நிமிடம்தான் முக்கியம். பரபரப்புச் செய்தி வரும்போது மட்டும் எட்டிப் பார்ப்பவருக்கு எது வழக்கம், எது புதிது என்று தெரியாது. யெல்லோஸ்டோனில் ஆண்டுக்கு 1,500 முதல் 2,500 வரை நிலநடுக்கங்கள் பதிவாவது வழக்கம். அவற்றில் ஏறக்குறைய பாதி திரள்களாக வரும். அதாவது ஒரே இடத்தில் நாள்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், பெரிய தலைமை நடுக்கம் எதுவும் இல்லாமல் வரிசையாக நடக்கும். 1985 அக்டோபரில் வடமேற்கு ஓரத்தில் தொடங்கிய திரளில் மூன்று மாதத்தில் 3,000-க்கும் மேல். 2010 ஜனவரியில் மேடிசன் பீடபூமியில் 2,000-க்கும் மேல். 2017 ஜூனில் மேப்பிள் கிரீக் பக்கம் தொடங்கி செப்டம்பர் வரை நீடித்ததில் சுமார் 2,400. அதில் பெரியது 4.4. மூன்றும் எரிமலை வெடிப்பில் முடியவில்லை. அங்கே கடைசியாக எரிமலைக் குழம்பு வழிந்தது சுமார் 70,000 ஆண்டுகளுக்கு முன்பு. கடைசிப் பெருவெடிப்பு ஏறத்தாழ 6,40,000 ஆண்டுகளுக்கு முன்பு.

முதலில், நிலநடுக்கமானி வரையும் அலைப்படத்துக்குப் போகாதீர்கள். பட்டியலிலிருந்து தொடங்குங்கள். யு.எஸ்.ஜி.எஸ்-இன் நிலநடுக்கத் தேடல் பக்கத்தில் அட்சரேகை 44.0 முதல் 45.2 வரை, தீர்க்கரேகை −111.4 முதல் −109.75 வரை ஒரு செவ்வகம் கொடுங்கள். மேற்குத் தீர்க்கரேகை என்பதால் கழித்தல் குறி கட்டாயம். விட்டுவிட்டால் மங்கோலியாவின் கோபி பாலைவனம் வந்து நிற்கும். தளம் தானாகப் போட்டிருக்கும் 2.5+ என்ற வடிகட்டியை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பெரும்பாலான நடுக்கங்கள் கண்ணிலேயே படாது. ஒரு தேடலுக்கு 20,000 வரிகள்தான் வரம்பு. ஆகவே ஐந்தைந்து ஆண்டாக சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில் இறக்கி ஒட்டிக்கொள்ளுங்கள்.

அந்தக் கோப்பில் எல்லோரும் அளவை மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் ஸ்டேட்டஸ் என்ற பத்தியை முதலில் பாருங்கள். அதில் ஆட்டோமேடிக் என்றிருந்தால் கணினி போட்ட கணக்கு, மனிதக் கண் இன்னும் படவில்லை என்று பொருள். இடம், ஆழம், அளவு மூன்றுமே மாறலாம், சில சமயம் அந்த வரியே காணாமல் போகும். அதை “மூடி மறைக்கிறார்கள்” என்று பரப்புவதைப் பார்த்தால் வேதனையாக இருக்கிறது. தவறான கணக்கை நீக்குவதுதான் அங்கே வேலை செய்பவர்களின் கடமை. அடுத்து கேப் என்ற பத்தி: நடுக்கம் நடந்த இடத்தைச் சுற்றி ஸ்டேஷனே இல்லாத மிகப் பெரிய கோணம் அது. 180 டிகிரிக்கு மேல் போனால் எல்லா ஸ்டேஷன்களும் ஒரே பக்கம் இருக்கின்றன, இடத்தை நம்பக் கூடாது. ஆழத்தை நம்ப வேண்டுமென்றால், மிக அருகிலுள்ள ஸ்டேஷன் ஆழத்தின் அளவுக்குள்ளேயோ அதைச் சற்றே தாண்டியோ இருக்க வேண்டும். ஆழம் −1, −2 என்று வந்தால் பதற வேண்டாம். ஆழம் கடல்மட்டத்திலிருந்து கணக்கிடப்படுகிறது, பூங்காவோ சராசரியாக 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கழித்தல் குறி என்றால் நடுக்கம் காற்றில் நடந்தது என்று பொருளல்ல, மலைக்குள் மேலாக நடந்தது என்று பொருள்.

பிறகு, எண்ணிக்கையை ஒப்பிடுவதற்கு முன் எந்த அளவுக்குக் கீழே பட்டியல் முழுமையற்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். அளவை 0.1 இடைவெளியில் பிரித்து, ஒவ்வொரு அளவுக்கும் அதற்கு மேலும் எத்தனை நடுக்கம் என்று, பத்துப் பத்து மடங்காக ஏறும் லாக் அச்சில் வரையுங்கள். சுமாராக, ஓர் அளவு குறைந்தால் எண்ணிக்கை பத்து மடங்கு கூடும் என்ற நேர்கோடு வரும். இடப்பக்கம் அந்தக் கோடு எங்கே வளைந்து படுக்கிறதோ அங்கிருந்து கீழே கருவிகள் தவறவிட்டவை அதிகம். நீண்ட கால ஒப்பீட்டுக்கு 1.5-ஐ எல்லையாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. இதைச் செய்யாமல் “பத்தாண்டுக்கு முன்பைவிட இப்போது இரட்டிப்பு” என்று சொல்பவர், புதிதாக வைத்த ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டிருக்கிறார், நடுக்கங்களை அல்ல. இன்னொன்றும் மனதில் இருக்கட்டும்: ஓர் அளவு கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. 1 அளவு நடுக்கங்கள் ஆயிரம் சேர்ந்தால்தான் ஒரே ஒரு 3-க்கு ஈடு.

இப்போது அலைப்படம். தொடக்கத்துக்கு யூட்டா பல்கலைக்கழகம் வெளியிடும் 24 மணி நேர டிரம் படங்களே போதும். வரிவரியாகக் கோடுகள், அதில் திடீரென்று ஒரு செங்குத்துக் கீறல், அடுத்த ஓரிரு விநாடியில் அதைவிடப் பெரிய இரண்டாவது கீறல், பிறகு மீன்வால்போல் மெல்ல அடங்கும் வால். அருகில் நடந்த சிறு நடுக்கம் அப்படித்தான் இருக்கும். முதல் கீறல் வேகமாக வந்து சேரும் பி அலை, இரண்டாவது மெதுவாக வரும் எஸ் அலை.

இதைப் பழகியபின் அலைப்படம் பார்க்க யு.எஸ்.ஜி.எஸ் இலவசமாகத் தரும் ஸ்வார்ம் மென்பொருளை நிறுவுங்கள். ஜாவாவில் இயங்கும். அதில் நேரலைத் தரவை அனுப்பும் சீட்லிங்க் வகைத் தரவு மூலத்தைத் தேர்ந்தெடுத்து, நிலநடுக்கத் தரவை வழங்கும் எர்த்ஸ்கோப் நிறுவனத்தின் சர்வர் பெயரையும் 18000 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால் ஸ்டேஷன் பட்டியல் வந்துவிடும். 2023-க்கு முன்பு ஐரிஸ் என்ற பெயரில் இருந்த அமைப்புதான் இது. பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயரே இருக்கும். யெல்லோஸ்டோன் வலையமைப்பின் குறியீடு டபிள்யூ.ஒய். அதில் நாரிஸ் சந்திப்பில் ஒய்.என்.ஆர், மேடிசன் ஆற்றருகே ஒய்.எம்.ஆர், ஓல்ட் ஃபெய்த்ஃபுல் அருகே ஒய்.எஃப்.டி, ஹோம்ஸ் குன்றில் ஒய்.எச்.எச் ஆகிய நான்கையும் எடுங்கள். சேனல் பெயர் இசட் என்று முடிவது செங்குத்து அசைவு, பி அலைக்கு அதுதான் தெளிவு. எஸ் அலையைக் குறிக்க என், ஈ என்று முடியும் கிடைமட்டச் சேனல்களைப் பாருங்கள். செங்குத்தில் எஸ்-ஐத் தேடி ஒரு விநாடி தவறினால் எட்டு கிலோமீட்டர் தவறும்.

அந்தக் கணக்கு இதுதான். பி அலை விநாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர், எஸ் அலை சுமார் 3.46. இரண்டும் வந்து சேரும் இடைவெளி விநாடிகளை 8.2-ஆல் பெருக்கினால் தூரம். ஒய்.என்.ஆரில் இடைவெளி 1.2 விநாடி என்று வைத்துக்கொள்வோம்: 9.8 கிலோமீட்டர். இது சாய்வுத் தூரம் என்பதை மறந்துவிட்டு வரைபடத்தில் அப்படியே வட்டம் போடுவதுதான் எல்லோரும் செய்யும் பிழை. நடுக்கத்தின் ஆழம் 8 கிலோமீட்டர் என்றால் தரையில் தூரம் 6 கிலோமீட்டருக்கும் குறைவு. மூன்று ஸ்டேஷன் வட்டங்களும் ஒரு புள்ளியில் கூடாமல் ஒன்றையொன்று மீறிக்கொண்டு நின்றால் ஆழத்தைக் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும். கால்டெராவுக்குள், அதாவது பெருவெடிப்பில் தரை உள்வாங்கி உண்டான பெரும் பள்ளத்துக்குள், பாறை சூடானது, அலைகள் அங்கே மெதுவாகப் போகும். ஓரிரு கிலோமீட்டர் வித்தியாசம் வருவது உங்கள் தவறல்ல. அந்தச் சூட்டினால்தான் கால்டெராவுக்குள் நடுக்கங்கள் மேலாகவே நடக்கின்றன. சில கிலோமீட்டருக்குக் கீழே பாறை உடையாமல் இழுபட்டுக் கொடுக்கும். வடமேற்கே ஹெப்கன் ஏரிப் பக்கம் போனால் ஆழம் கூடும்.

தானியங்கியாகச் செய்ய விரும்பினால் பைத்தானில் ஆப்ஸ்பை தொகுப்பு இருக்கிறது. 2 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை வடிகட்டுங்கள். அசைவின் குறுகிய நேரச் சராசரிக்கு 0.5 விநாடி, நீண்ட நேரச் சராசரிக்கு 10 விநாடி, முதலாவதை இரண்டாவதால் வகுத்த விகிதம் 3.5-ஐத் தாண்டினால் தொடக்கம், 1.5-க்கு இறங்கினால் முடிவு என்று வையுங்கள். இதில் ஒரு பொறி உண்டு. தரவில் இடைவெளி விழுந்த இடத்தைப் பூஜ்ஜியத்தால் நிரப்பிவிட்டு வடிகட்டினால், அந்தப் படிக்கட்டு விளிம்பு மணியடித்ததுபோல் அதிர்ந்து அச்சு அசல் நடுக்கமாகத் தெரியும். எனவே துண்டுகளை ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றின் சராசரியையும் கழித்து, ஓரங்களை மெல்லக் குறைத்து, தனித்தனியாக வடிகட்டுங்கள். மூன்று ஸ்டேஷனில் 10 விநாடிக்குள் கண்டறிதல் இல்லையென்றால் அதை எண்ணவே வேண்டாம்.

பொய்க் குறிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், வதந்திகள் பிறப்பது இங்கேதான். முதல் குற்றவாளி ஆட்டோ ஸ்கேல். அமைதியான நாளில் மென்பொருள் கோட்டைப் பெரிதாக்கிக் காட்டும், வெறும் காற்றே பூகம்பம்போல் திரை முழுக்கக் கறுப்பாகிவிடும். அளவுகோலை ஓர் எண்ணில் நிலைநிறுத்தி, தினமும் அதிலேயே பாருங்கள். அடுத்து காற்று: மரங்கள் அசைந்து வேர் வழியாகத் தரையை ஆட்டும், பி–எஸ் இல்லாமல் மணிக்கணக்கில் தடித்த கோடாகத் தெரியும். ஏரிக்கரை ஸ்டேஷன்களில் அலையடிப்பும் சேரும். கார்கள் வரும்போது கோடு கதிர்போல் மெல்ல வீங்கி மெல்ல வடியும். கோடையில் அங்கே நண்பகல் 12 என்றால் உலகப் பொது நேரமான யுடிசி 18, நமக்கு இரவு 11:30. தினமும் யுடிசி 15 மணிவாக்கில் சத்தம் கூடி, யுடிசி மறுநாள் 3 மணிக்கு அடங்கினால் அது எரிமலைக் குழம்பல்ல, சுற்றுலாப் பயணிகள். நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை பூங்காவின் பெரும்பாலான உள்சாலைகள் கார்களுக்கு மூடப்படும், சத்தம் குறைவதை நீங்களே காணலாம்.

தொலைவுப் பெருநடுக்கங்கள் இன்னொரு குழப்பம். ஜப்பானில் 7 அளவு நடந்தால் 11, 12 நிமிடத்தில் எல்லா ஸ்டேஷனிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மெதுவான, நீண்ட அலை எழும்பும். அதைப் பார்த்ததும் உலகப் பட்டியலில் 6-க்கு மேல் ஏதாவது இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஆனால் அதோடு விட்டுவிடக் கூடாது. 2002 நவம்பர் 3-ஆம் தேதி அலாஸ்காவின் டெனாலியில் 7.9 அளவு நடுக்கம் வந்தபோது, 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் யெல்லோஸ்டோனில் சிறு நடுக்கங்கள் உண்மையாகவே தூண்டப்பட்டன. 5 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அதிர்வுகளை மட்டும் வைத்து மற்றவற்றை வடிகட்டினால் தொலைவு அலை மறைந்து, அதற்குள் ஒளிந்திருக்கும் உள்ளூர் நடுக்கங்கள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும்.

குளிர்காலத்தில் சூரியத் தகடுகளைப் பனி மூடி பேட்டரி இறங்கும்; ஸ்டேஷன் சாவதற்கு முன் அர்த்தமில்லாத கூரிய முட்கள் வரும். ஒரே ஸ்டேஷனில் மட்டும் வரும் எதுவும் நடுக்கமல்ல என்ற விதியை அப்போது கைவிடவே கூடாது.

நடுக்கத்தோடு நிலத்தின் ஏற்ற இறக்கத்தையும் பாருங்கள். நெவாடா பல்கலைக்கழகத்தின் ரீனோ வளாகம் ஜிபிஎஸ் ஸ்டேஷன்களின் அன்றாட இருப்பிடத்தை வெளியிடுகிறது. ஒயிட் லேக் அருகிலுள்ள டபிள்யூ.எல்.டபிள்யூ.ஒய் போதும். 2004-க்குப் பின் சில ஆண்டுகள் கால்டெராத் தரை ஆண்டுக்கு 7 சென்டிமீட்டர் வரை உயர்ந்தது. 2015-க்குப் பின் ஆண்டுக்கு 2, 3 சென்டிமீட்டர் என்று இறங்கியது. குளிர்காலத்தில் ஒரே இரவில் சில சென்டிமீட்டர் தாவினால் ஆன்டெனாமேல் பனி உறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, உருகும்வரை காத்திருங்கள்.

வீட்டில் வைக்கும் சிறு நிலநடுக்கமானியான ராஸ்பெரி ஷேக் வாங்கலாமா என்று பலர் கேட்பார்கள். 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோனும் (தரை அதிர்வை உணரும் உறுப்பு) விநாடிக்கு 100 மாதிரிகளும் கொண்ட நல்ல கருவி. ஆனால் சென்னையிலோ கொழும்பிலோ வைத்தால் யெல்லோஸ்டோனின் 3 அளவு நடுக்கம் ஒருநாளும் தெரியாது. ஐடஹோவிலோ மொன்டானாவிலோ இருப்பவர்கள் தரைத்தளத்தில், மின்விசிறிக்கும் வாஷிங் மெஷினுக்கும் தூரமாக, கான்கிரீட் தரையில் நேரடியாக வைத்தால் பயனுண்டு.

நிலநடுக்கத் தரவால் எல்லாம் பிடிபடாது. 2024 ஜூலை 23-ஆம் தேதி பூங்காவின் வெந்நீர் ஊற்றுப் பகுதியான பிஸ்கட் பேசினில் கொதிநீர் வெடித்துப் பாறைகளை வீசியபோது முன்னறிவிப்பாக எந்த நடுக்கமும் இல்லை. பூங்காவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இத்தகைய நீராவி வெடிப்புகளும் பெரிய நடுக்கங்களும்தான். 1959 ஆகஸ்டில் ஹெப்கன் ஏரியில் வந்த 7.3 அளவு நடுக்கத்தில் 28 பேர் இறந்தார்கள், மலைச்சரிவு மேடிசன் ஆற்றையே அடைத்து ஓர் ஏரியை உண்டாக்கியது.

திரள் தொடங்கும் நாளில் செய்ய வேண்டியது இது: முதல் நடுக்கத்தை மையமாக வைத்து, அடுத்தடுத்தவை எத்தனை மணி நேரம் கழித்து எத்தனை கிலோமீட்டர் தள்ளி நடந்தன என்று ஒரு படம் வரையுங்கள். புள்ளிகள் முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் வெளியே பரவினால், பழைய பிளவுகள் வழியே சூடான நீரும் வாயுவும் அழுத்தத்தோடு ஊடுருவுகின்றன என்பதற்கான அடையாளம் அது. யெல்லோஸ்டோன் திரள்களில் பலமுறை காணப்பட்டது. ஆட்டோமேடிக் வரிகளை வெற்று வட்டமாகவும் சரிபார்த்தவற்றை நிரப்பிய வட்டமாகவும் போடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பட்டியலை மறுபடி இறக்கி, அதே படத்தை மீண்டும் வரையுங்கள். சரிபார்ப்பில் எத்தனை வெற்று வட்டங்கள் நகர்ந்தன, எத்தனை காணாமல் போயின என்பதையும் நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.