மியூனிக்கில் தோற்றது எது?

கேள்வி: ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு (நிரலை யாரும் பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற இயங்குதளம்) மாறி, பல வருடம் அல்லாடி, கடைசியில் விண்டோஸுக்கே திரும்பி வந்தது. இப்போது அதே நாட்டில் ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநில அரசு மைக்ரோசாஃப்ட்டை விட்டு விலகுகிறதாம். லைசென்ஸ் காசை மிச்சம் பிடிக்க அரசு ஊழியர்களை இப்படிப் படுத்த வேண்டுமா?

பதில்: மியூனிக் கதையைப் பாதியிலிருந்து சொல்கிறீர்கள். 2003இல் நகர மன்றம் லினக்ஸ் பக்கம் சாய்கிறது என்று தெரிந்ததும், மைக்ரோசாஃப்ட்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் பனிச்சறுக்கு விடுமுறையை விட்டுவிட்டு மேயர் கிறிஸ்டியான் ஊடேயைப் பார்க்க நேரில் வந்தார். விலையை இறக்கினார்கள், அப்புறம் இன்னும் இறக்கினார்கள். இறக்கிய விலையோடு ஒப்பிட்டால் லினக்ஸுக்குத்தான் செலவு அதிகம், அப்படியும் மன்றம் அதற்கே வாக்களித்தது. காசுக்காக எடுத்த முடிவா இது? அவர்களிடம் இருந்தது விண்டோஸ் என்டி 4. அதற்கான ஆதரவு முடியப்போகிறது என்றானதும், ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகம் எங்கோ ஒரு நிறுவனம் குறித்த தேதிக்காக எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டுமா என்ற எரிச்சலில்தான் பேச்சே தொடங்கியது.

2013க்குள் சுமார் 15,000 கணினிகள் மாறிவிட்டன. 1 கோடி யூரோவுக்கு மேல் மிச்சம் என்று நகராட்சியே கணக்குக் காட்டியது. 2014இல் டீட்டர் ரைட்டர் மேயரானார். மைக்ரோசாஃப்ட் ரசிகன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர். 2016இல் மைக்ரோசாஃப்ட்டின் ஜெர்மன் தலைமையகம் புறநகரிலிருந்து மியூனிக்குக்குள் வந்தது. அதற்கும் லினக்ஸைக் கைவிடும் பேச்சுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள், சரி, நம்புவோம். ஆலோசனை நிறுவனமான அக்சென்ச்சரிடம் நகராட்சி கேட்டு வாங்கிய ஆய்வறிக்கைகூட (அந்த நிறுவனம் மைக்ரோசாஃப்ட்டின் கூட்டாளி என்பதையும் சேர்த்துப் படியுங்கள்) பெரிய கோளாறாகக் காட்டியது, ஐடி நிர்வாகம் துறைக்குத் துறை சிதறிக் கிடந்ததைத்தான். அதைச் சரிசெய்ய வேண்டுமானால் பல அதிகாரிகளின் அதிகாரத்தில் கைவைக்க வேண்டும். லினக்ஸைக் குற்றம் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. 2017 நவம்பரில் விண்டோஸுக்குத் திரும்ப வாக்களித்தார்கள்.

இப்போது உங்கள் கேள்வியில் இருக்கும் 'மிச்சம்' என்ற விஷயத்துக்கு வருகிறேன். 2025 ஜூனில் மைக்ரோசாஃப்ட் ஃபிரான்ஸின் சட்ட விவகார இயக்குநர் ஆன்டன் கார்னியோவை ஃபிரெஞ்சு செனட் குழு அழைத்து, சத்தியப் பிரமாணம் வாங்கிக்கொண்டு கேட்டது: ஃபிரெஞ்சு அரசின் அனுமதி இல்லாமல் எங்கள் குடிமக்களின் தகவல் அமெரிக்க அரசிடம் போகாது என்று உங்களால் உத்தரவாதம் தர முடியுமா? முடியாது என்றார், இதுவரை அப்படி நடந்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவின் 2018ஆம் ஆண்டு கிளவுட் சட்டப்படி, நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் தகவலை முறையான உத்தரவு வந்தால் கொடுத்தாக வேண்டும், சர்வர் பாரிஸில் இருந்தாலும் சரி, ஃபிராங்க்ஃபர்ட்டில் இருந்தாலும் சரி. 'தகவல் எல்லாம் ஐரோப்பாவிலேயே இருக்கிறது' என்று விற்பனையாளர் சொல்லும்போது தலையாட்டுகிற அதிகாரிகள் இதைப் படித்திருக்க வேண்டாமா?

இன்னொன்று. 2025 பிப்ரவரியில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை வழக்கறிஞர் கரீம் கான் மீது டிரம்ப் அரசு பொருளாதாரத் தடை விதித்தது. அவருடைய மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் நின்றுபோய், ஸ்விட்சர்லாந்தின் புரோட்டான் மெயிலுக்கு மாறிவிட்டார் என்று மே மாதம் செய்தி வந்தது. நீதிமன்றத்துக்கான சேவையை நாங்கள் நிறுத்தவில்லை என்றது மைக்ரோசாஃப்ட். நிறுத்தவில்லைதான், ஒருவருக்கு மட்டும் நின்றது. அந்த ஒருவர் யார் என்பதை வாஷிங்டன் முடிவு செய்தது. அதே ஆண்டிலேயே நீதிமன்றம், ஜெர்மன் அரசு நிறுவனம் ஒன்று கட்டற்ற மென்பொருள்களைத் தொகுத்து உருவாக்கிய ஓப்பன்டெஸ்க் என்ற அலுவலக மென்பொருளுக்கு மாற முடிவெடுத்தது. இதையும் லைசென்ஸ் காசுக்காக என்றா சொல்வீர்கள்?

ஊழியர்களைப் படுத்துகிறார்கள் என்றீர்களே, அதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைனில் 40,000க்கு மேற்பட்ட மின்னஞ்சல் பெட்டிகளை மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்சேஞ்சிலிருந்தும் அவுட்லுக்கிலிருந்தும் கட்டற்ற மென்பொருள்களான ஓப்பன் எக்ஸ்சேஞ்சுக்கும் தண்டர்பேர்டுக்கும் 2025 அக்டோபருக்குள் மாற்றினார்கள். இடையில் அஞ்சல் தாமதமாகிறது, வேலை ஓடவில்லை என்று நீதித்துறையிலிருந்தே புகார் கிளம்பியது. மாநில டிஜிட்டல் துறை அமைச்சர் டிர்க் ஷ்ரோட்டர் வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. அவசரப்பட்டார்கள் என்பதே என் கருத்தும். ஃபிரான்ஸின் ஜாந்தார்மரி காவல் படை 2005இல் முதலில் ஆஃபிஸ் மென்பொருளை மட்டும் மாற்றியது, பிரவுசரையும் மின்னஞ்சலையும் பழக விட்டது, 2008இல்தான் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவில் கைவைத்தது. இன்று அங்கே சுமார் 1 லட்சம் கணினிகள் அதில் ஓடுகின்றன, யாரும் அதைப் பற்றிப் பேசுவதுகூட இல்லை.

கட்டற்ற மென்பொருள் ஆதரவாளர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் லைசென்ஸில் 1.5 கோடி யூரோ மிச்சம் என்று அறிவித்ததும் எல்லோரும் அந்த எண்ணையே தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2026இல் மாற்றத்துக்கும் மேம்பாட்டுக்கும் 90 லட்சம் யூரோ முதலீடு என்றும் அதே அரசு சொல்லியிருக்கிறது, அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நிரல் திறந்து கிடந்து என்ன பயன், பழுது வந்தால் அதைத் திறந்து பார்க்க அரசிடம் ஆள் இல்லையென்றால்? அமெரிக்க நிறுவனத்தின் இடத்தில் ஓர் உள்ளூர் ஒப்பந்ததாரர் வந்து உட்காருவார், அவ்வளவுதான்.

வரித்துறை நீங்கலாக அங்கே கிட்டத்தட்ட 80% பணியிடங்கள் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸுக்குப் பதிலான கட்டற்ற மென்பொருள் லிப்ரே ஆஃபிஸுக்கு வந்துவிட்டன என்கிறார்கள். மீதி 20 சதவீதத்தைப் பாருங்கள். துறைகளுக்கென்று தனியாக எழுதிய பழைய நிரல்கள் வேர்டையும் எக்செலையும் நேரடியாக நம்பி ஓடுகின்றன. அவற்றை எழுதிக்கொடுத்த நிறுவனங்கள் மாற்றித் தராமல் அந்த மேஜைகள் அசையாது. மியூனிக்கையும் கடைசி வரை இழுத்தடித்தவற்றில் இது ஒன்று. அடுத்த முறை எழுதும்போது, அந்த 20% என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.