‘ஒர்க்ஸ்’ என்று எழுதலாமா?

கேள்வி: அலுவலக மின்னஞ்சல் ஒன்றில் ‘ஐ ஹேவ் மெனி ஒர்க்ஸ் டுடே’ என்று எழுதியிருந்தேன். மேலதிகாரி ‘ஒர்க்ஸ்’ என்பதன் கடைசி எழுத்தை மட்டும் அடித்துத் திருப்பி அனுப்பினார். ஆனால் அகராதியில் ‘ஒர்க்ஸ்’ என்ற சொல் இருக்கிறதே, எது சரி?

பதில்: அகராதியும் சரி, உங்கள் மேலதிகாரியும் பாதி சரி. தமிழில் ‘இன்று எனக்கு நிறைய வேலைகள் இருக்கின்றன’ என்று தயங்காமல் பன்மையில் சொல்கிறோம். அந்தப் பழக்கமே உங்கள் வாக்கியத்திலும் புகுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் உழைப்பு, அலுவல் என்ற பொருளில் வரும் ‘ஒர்க்’ எண்ணிச் சொல்ல முடியாத பெயர்ச்சொல் என்பதால், அதற்குப் பன்மையும் கிடையாது, முன்னால் ‘எ’ என்பதும் வராது, ‘மெனி’யும் சேராது. ஆகவே கடைசி எழுத்தை அடித்தால் மட்டும் போதாது. ‘மெனி’யையும் நீக்கி, ‘எ லாட் ஆஃப் ஒர்க்’ என்று எழுத வேண்டும். எண்ணிக்கை அவசியமானால் ‘டாஸ்க்’ என்ற சொல் கைகொடுக்கும்: ‘த்ரீ டாஸ்க்ஸ்’ என்பதில் பிழையில்லை. வேலை தேடுபவர் ‘எ ஜாப்’ தேடலாம், வெறும் ‘ஒர்க்’கும் தேடலாம், ‘எ ஒர்க்’ மட்டும் தேடக் கூடாது. விண்ணப்பக் கடிதங்களில் மிகுதியாகக் காணப்படும் பிழை இதுதான் என்பது என் எண்ணம்.

அப்படியானால் அகராதியிலுள்ள ‘ஒர்க்ஸ்’ எங்கிருந்து வந்தது? ஓவியம், நூல், இசை முதலிய படைப்புகளைக் குறிக்கும்போது அதே சொல் எண்ணத்தக்கதாகிவிடுகிறது. ஒரு எழுத்தாளரின் நூல்களை ‘ஒர்க்ஸ்’ என்பது முற்றிலும் சரி. தொழிற்சாலையையும், சாலை, பாலம் போன்ற கட்டுமானப் பணிகளையும் அவ்வாறே குறிப்பதுண்டு. ‘ஹோம்ஒர்க்’ பன்மை ஏற்காது, வாணவேடிக்கையான ‘ஃபயர்ஒர்க்ஸ்’ ஏற்கும். இதற்கெல்லாம் காரணம் தேடாமல் வழக்கைப் பின்பற்றுவதே நல்லது.

வினைச்சொல்லாக வரும்போது உங்களுக்குச் சிரமம் இராது. கடிகாரம் வேலை செய்யவில்லை, மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று நாம் சொல்வதைப் போலவே ஆங்கிலத்திலும் ‘ஒர்க்’ என்பதையே ஆள்கிறார்கள். ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை தேவை: பழுதான இயந்திரம் ‘நாட் ஒர்க்கிங்’ அல்லது ‘அவுட் ஆஃப் ஆர்டர்’, ‘அவுட் ஆஃப் ஒர்க்’ என்றால் வேலையிழந்து நிற்கும் மனிதர். அலுவலக அச்சுப்பொறியைப் பற்றி அப்படிப் புகார் எழுதினால், அது வேறு வேலை தேடுவதாகவே படிப்பவர் புரிந்துகொள்வார்.