கொத்துக்கு வெளியேயும் வாடும் கேலக்ஸிகள்

கேள்வி: பெரிய கேலக்ஸிக் கொத்துகளுக்குள் மட்டுமன்றி, அவற்றைச் சுற்றியுள்ள வெளியிலும் புதிய விண்மீன்கள் பிறப்பது குறைந்திருக்கிறது என்று படித்தேன். வெளியே நிற்கும் கேலக்ஸியைக் கொத்து எவ்வாறு பாதிக்க முடியும்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஈர்ப்பால் பிணைந்த கேலக்ஸிகளின் பெருங்கூட்டமே கொத்து. முதலில் அதன் உள்ளே நடப்பதைப் பார்த்துவிடுவோம். நெரிசலான நடுப்பகுதியில், புதிய விண்மீன்கள் அரிதாகவே பிறக்கும் நீள்வட்ட, வில்லை வடிவக் கேலக்ஸிகளே மிகுதி என்றும், விலகிச் செல்லச் செல்ல, அவை நிறையப் பிறக்கும் சுருள் வடிவக் கேலக்ஸிகள் கூடுகின்றன என்றும் வானியலாளர் ஆலன் டிரெஸ்லர் 1980-இல் 55 கொத்துகளை ஆராய்ந்து காட்டினார்.

கேலக்ஸிகளுக்கு இடைப்பட்ட வெளி வெறுமையானது அன்று. கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில் எக்ஸ் கதிர்களை உமிழும் மெல்லிய வாயு அங்கே நிறைந்திருக்கிறது. நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் அதற்குள் பாயும் கேலக்ஸிக்கு அந்த வாயுவே எதிர்காற்றாகிறது என்பதை ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் ஆகிய வானியலாளர்கள் இருவரும் 1972-இல் விளக்கினர். உங்கள் ஊர்க் களத்தில் நெல் தூற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள்: பதர் பறந்துவிடும், மணி காலடியிலேயே விழும். அதுபோல் விண்மீன்கள் தங்கிவிட, அவற்றைப் பிறப்பிக்கும் வாயு மட்டும் பின்னால் வாலாக நீள்கிறது. (களத்தில் காற்று வீசுகிறது, இங்கே நெல்லே ஓடுகிறது, விளைவு ஒன்றுதான்.) இப்படி வால் நீண்ட கேலக்ஸிகளை ஜெல்லிமீன் கேலக்ஸிகள் என்பார்கள். அத்தகைய ஒன்றான ஜேஓ201-இன் வாலிலும் இளம் விண்மீன்கள் பிறப்பதை, 2015-இல் ஏவப்பட்ட நம் நாட்டு வானியல் செயற்கைக்கோளான அஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கி படம்பிடித்திருக்கிறது.

இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லாத வழியும் உண்டு. கேலக்ஸியைச் சூழ்ந்துள்ள வாயு இருப்பு மட்டும் பறிபோனால், வரத்துக்கால் அடைபட்ட குளத்தை நம்பிய வயலைப் போல, கையில் உள்ளதைக் கொண்டு அது சில காலம் விளையும், பிறகு தரிசாகும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெளியே காணப்படும் கேலக்ஸிகள் எல்லாம் இன்னும் உள்ளே நுழையாதவை என்று எண்ணிவிடக் கூடாது. சில ஏற்கெனவே நடுப்பகுதி வழியாகப் பாய்ந்து, மறுபக்கம் வெளியேறி, எட்டத்தில் வேகம் தணிந்து நிற்பவை. வேறு சில, கொத்தை நோக்கி வரும் வழியிலேயே சிறு குழுக்களில் சேர்ந்து, அங்கேயே வாயுவை இழந்துவிட்டவை. அதற்காகப் பழி முழுவதையும் சூழல் மீது போடுவதும் சரியன்று. நிறை மிகுந்த கேலக்ஸிகள், நடுவில் உள்ள கருந்துளை வெளியிடும் ஆற்றலால், தனித்திருந்தும் ஓய்ந்துபோகக் கூடும். ஒரு கேலக்ஸி கொத்துக்குள் போய்த் திரும்பியதா, புதிதாக வருவதா என்பதை ஒரு படத்தைக் கொண்டு சொல்ல இயலாது. ஒரே தொலைவில் இருப்பவற்றை ஒப்பிட்டால், கொத்தைச் சார்ந்த வேகம் போய்த் திரும்பியவற்றுக்குப் பொதுவாகக் குறைவு. ஆய்வாளர்கள் அதை வைத்தே அவற்றைப் பிரித்தறிய முயல்கிறார்கள்.